வாங்கும் முன் என்ன பார்க்கவேண்டும்? மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் நுகர்வோர் வகுப்பு நடத்தப் புதிதாக வருவோருக்கு

சூழலுக்குக் கேடில்லாமல் பொருள் வாங்குவது பற்றி மாதர் சங்கத்திலோ பாடசாலையிலோ ஊர் வாசிகசாலையிலோ ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லி உங்களைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், புதிதாக நியமனம் பெற்ற வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கலாம், படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கும் பிள்ளையாக இருக்கலாம். உருகும் பனிமலைப் படத்தோடு தொடங்கும் வகுப்பு வாகரையிலும் எடுபடாது, திருக்கோவிலிலும் எடுபடாது. சனத்துக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வெள்ளமும் வரட்சியும் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பதெல்லாம் இதுதான்: நாளைக்குக் கடைக்குப் போனால் நான் எதை மாற்றவேண்டும், அதற்கு என் கையில் இருக்கிற காசு போதுமா? இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். உலகத்தைப் பற்றி மெல்ல மெல்லக் கதைக்கலாம்.

முதலில் ஊரைப் பாருங்கள்

வகுப்புக்கு ஒரு கிழமை முன்பே அந்த ஊருக்கு ஒருதரம் போய்விடுங்கள். ஊர்ச் சில்லறைக் கடையில் கண்ணுக்கு நேரே என்ன தொங்குகிறது, எந்தப் பொருள் சின்னப் பக்கெற்றில் மட்டும் வருகிறது, எது சாக்கில் இருந்து நிறுத்துக் கொடுக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விலைகளையும் எழுதுங்கள். அன்றைய விலை கையில் இல்லாமல் எடுக்கிற வகுப்பு வெறும் பேச்சாகத்தான் முடியும்.

அடுத்து, குப்பை எங்கே போகிறது என்று விசாரியுங்கள். பிரதேச சபையின் உழவு இயந்திரம் எந்த நாளில் வருகிறது, எந்த ஒழுங்கைக்குள் வருவதே இல்லை என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் பல வீடுகளில் வளவுக்குள் கிடங்கு வெட்டிக் கொளுத்துவதுதான் வழக்கம். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் கிடங்கு வெட்டவே நிலம் இல்லை. ஒரே பாடத்தை இரண்டு இடத்திலும் சொல்ல முடியாது.

தூக்கி வீசியது எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு நம்மூர்க் கதைகளே போதும். மட்டக்களப்பு நகரத்துக் குப்பையைக் கொட்டிய திருப்பெருந்துறையில் அது தீப்பற்றி, சுற்றியிருந்த சனம் புகையில் திணறி, கடைசியில் எதிர்த்து நின்றதைப் பெரியவர்கள் மறக்கவில்லை. அம்பாறைப் பக்கம் போனால் பள்ளக்காட்டைச் சொல்லுங்கள். அங்குள்ள குப்பை மேட்டுக்கு வரும் காட்டு யானைகள் பொலித்தீனோடு சேர்த்துச் சாப்பாட்டைத் தின்கின்றன. 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அப்படி இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளிலேயே வந்தது. இறந்த யானைகளின் வயிற்றில் சாப்பாடு சுற்றிய பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் இருந்தன. அது நம் வீட்டில் இருந்து போன லஞ்ச் சீற்றாகவும் இருக்கலாம் என்று சொல்லும்போது கூட்டம் அமைதியாகிவிடும். ஆனால் அங்கேயே நின்று குற்றம் சாட்டத் தொடங்கிவிடாதீர்கள். சோத்துப் பார்சல் வாங்குகிற கூலித் தொழிலாளிக்குக் கடைக்காரர் கொடுப்பதுதான் கிடைக்கிறது.

யாரைக் கூட்டுவது, எப்போது

பதினைந்து, இருபது பேருக்கு மேல் வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள். ஆனால் அழைப்பு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி வழியாகவோ பள்ளிவாசல் நிருவாகம் வழியாகவோ போகட்டும். அரச அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டால் ஏதோ நிவாரணம் என்று நினைத்து வருவார்கள், இல்லை என்று தெரிந்ததும் ஏமாந்து போவார்கள்.

பெண்களை மட்டும் கூட்டுவது பெரிய குறை. அரிசியையும் கறிச்சாமானையும் பெண்கள் வாங்கினாலும் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள் போன்ற பெரிய செலவைப் பல வீடுகளில் ஆண்களே முடிவு செய்கிறார்கள். ஊர்க் கடைக்காரரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். அவரை வெளியே விட்டுவிட்டு அவருடைய கடையைப் பற்றிக் கதைத்தால் அவர் உங்களுக்கு எதிராகத்தான் நிற்பார்.

நாளைப் பார்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்போக விதைப்பு. தை கடைசியில் இருந்து பங்குனி வரை அறுவடை. அந்த நாட்களில் அம்பாறை வயல் ஊர்களில் ஆள் கிடைக்காது. முஸ்லிம் ஊர்களில் வெள்ளி நண்பகலையும் நோன்பு மாதத்துப் பின்னேரங்களையும் தவிர்க்கவேண்டும். கதைக்கும்போது அக்கா, மாமி, ராத்தா, நானா என்று அந்தந்த ஊர் முறையில் கூப்பிடுங்கள். "பயனாளிகளே" என்று தொடங்கினால் அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

முதல் நாள்: பாயில் விரித்துப் பார்ப்பது

வருகிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டின் ஒரு கிழமைக் காய்ந்த குப்பையைக் கழுவிக் காயவைத்து ஒரு பையில் கொண்டுவரட்டும். சமையல் கழிவு வேண்டாம். மருந்துப் பட்டியும் பெண்களின் மாதவிடாய்த் துணிகள், பாட்கள் போன்றவையும் வேண்டவே வேண்டாம் என்று முதலே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப்பேர் கூச்சத்திலேயே வராமல் விடுவார்கள். வந்ததும் எல்லாருடைய பையையும் ஒரே பன்பாயில் கொட்டிக் கலந்துவிடவேண்டும். எது யார் வீட்டுக் குப்பை என்று தெரியக்கூடாது. இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் வெட்கப்பட்டுப் போனால் அவர் மறுபடி வரமாட்டார், அவருடைய தங்கச்சியும் வரமாட்டார்.

பிறகு அவர்களே பிரிக்கட்டும். பொலித்தீன் ஒரு பக்கம், கட்டிப் பிளாஸ்டிக் ஒரு பக்கம், கண்ணாடி, தகரம், கடதாசி வேறு வேறு பக்கம். பத்து நிமிடத்துக்குள் பாயில் எது பெரிய குவியல் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பொலித்தீனாகவே இருக்கும்: சீனி கட்டிய பை, பருப்புக் கட்டிய பை, மிளகாய்த்தூள் பக்கெற், பிஸ்கற் உறை, பால்மா உறை, மீன் கட்டிய சொப்பிங் பேக். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டி, "இது எத்தனை நிமிசம் பாவிச்சது?" என்று கேளுங்கள். மீன் கட்டிய பை சந்தையில் இருந்து வீடு வரும் வரைக்கும்தான். அந்தப் பதிலை அவர்கள் வாயால் சொல்லவேண்டும்.

இரண்டாவது கேள்வி: "இதில எது முந்தி நம்மட வீட்டுக்கு வராது?" இதை வயது போன அம்மாமாரிடம் விடுங்கள். மீனுக்குப் பனையோலை உமல், இறைச்சிக்குத் தேக்கிலை, சோத்துக்குத் தாமரையிலை, எண்ணெய்க்கு வீட்டில் இருந்து கொண்டுபோகிற போத்தல் என்று அவர்களே அடுக்குவார்கள். பழைய காலத்தை ஏங்கி ஒரு மணித்தியாலம் கழித்துவிடாமல், "இதில எதை இப்பவும் செய்யலாம்?" என்று உடனே அடுத்த கேள்விக்குப் போங்கள். உமல் கிடைக்காத ஊரில் உமலைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி எந்த வீட்டிலும் இருக்கிறது.

எரிப்பது பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பொலித்தீனும் பிவிசியும் (தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக்) அடுப்படிக்குப் பக்கத்தில் எரியும்போது வரும் புகை முதலில் போவது அந்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான். பிவிசி எரிந்தால் டையொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது காற்றோடு போய்விடுவதில்லை, மண்ணில் படிந்து, கோழி கிளறித் தின்னும் வளவிலேயே தங்கும். வாங்காத பொலித்தீனை எரிக்கவும் தேவையில்லை என்பதே இதற்கு நாம் தரக்கூடிய நல்ல பதில்.

காசுக் கணக்கு

"பெரிய பக்கெற் வாங்கக் காசி எங்க மனே இருக்கு? அவருக்கு நாட்கூலி" என்று ஒரு மாமி கட்டாயம் சொல்லுவார். அது சாட்டு இல்லை, முழு உண்மை. சின்னப் பக்கெற் வாங்குகிறவர் கணக்குத் தெரியாமல் வாங்கவில்லை. அன்றைக்கு அவர் கையில் இருப்பது அவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ளாத ஒருவர் நுகர்வோர் வகுப்பு எடுக்கக்கூடாது என்றே நான் சொல்லுவேன்.

ஆகவே கணக்கைச் சேர்ந்து போடுங்கள். பேச்சுக்கு, 50 கிராம் மஞ்சள் தூள் 100 ரூபா, 500 கிராம் 800 ரூபா என்று வையுங்கள். தனித்தனியாக 50 கிராம் பக்கெற் பத்து வாங்கினால் 1000 ரூபாவும் பத்து உறையும். ஐந்து பேர் சேர்ந்து பெரிய பக்கெற் ஒன்றை வாங்கிப் பிரித்தால் ஆளுக்கு 100 கிராம், 160 ரூபா. தனியே வாங்கியிருந்தால் அதே 100 கிராமுக்கு 200 ரூபா போயிருக்கும். உறையும் ஒன்றோடு முடிந்தது. இதை அன்றைய உண்மையான கடை விலையில் கரும்பலகையில் போட்டுக் காட்டவேண்டும். சில பொருளில் பெரிய பக்கெற் கிராம் கணக்கில் மலிவாகவே இருக்காது. அதையும் மறைக்காமல் காட்டுங்கள். விலையை நிறையால் பிரித்துப் பார்க்கிற பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

சீட்டுப் பிடிக்கத் தெரிந்த ஊர் இது. ஐந்து வீடு சேர்ந்து மாதத்துக்கு ஒருதரம் பருப்பு, சீனி, சவர்க்காரத் தூள் வாங்கிப் பிரிக்கும் ஒழுங்கை அந்தப் பெண்களே நடத்திவிடுவார்கள். தராசு ஒன்று வேண்டும், காசு பிடிக்க நம்பிக்கையான ஒருவர் வேண்டும். நிறுத்துப் பிரிப்பதை எல்லாரும் பார்க்கத்தான் செய்யவேண்டும்.

மின்சாரக் கணக்கு ஆண்களையும் இழுத்து உட்காரவைக்கும். 60 வாற்று இழை மின்குமிழ் ஒன்று நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிற். அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 1.35 யூனிற். மூன்று குமிழ் மாற்றினால் 27 யூனிற் ஏறத்தாழ 4 ஆகிறது. பழைய மின்விசிறி 75 வாற்று அளவில் இழுக்கும். 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 18 யூனிற். பி.எல்.டி.சி. என்ற, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள விசிறி 30 வாற்று அளவில் ஓடும், 7.2 யூனிற். வீட்டு மின்பட்டியலில் 60 யூனிற்றைத் தாண்டியதும் கணக்குப் போடும் படியும் நிலையான கட்டணமும் மாறிவிடும் என்பதை யாராவது ஒருவரின் உண்மையான பில்லை வைத்துக் காட்டுங்கள். ஓடுகிற விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்லக்கூடாது. பழுதாகி மாற்றும் நேரம் வரும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று சொன்னால் போதும்.

சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவது

இரண்டாம் வகுப்பு மண்டபத்தில் வேண்டாம். காலையில் சந்தையில் நடத்துங்கள். பை கொண்டுவரச் சொல்லுங்கள். புதுத் துணிப்பை அச்சடித்து இலவசமாகக் கொடுக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நிறையத் தண்ணீரும் சக்தியும் போகின்றன. நூற்றுக்கணக்கான தடவை பாவித்தால்தான் அந்தப் பையால் நன்மை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று கிடைத்தால் அதுவும் மூலையில் கிடந்து குப்பையாகும். பழைய சாறியில் தைத்த பையும் அரிசிச் சாக்கில் தைத்த பையும் வீட்டில் கிடக்கிற பன்பையும் எதற்கும் குறைந்தவை இல்லை.

மீன் பக்கம் நில்லுங்கள். இது மட்டக்களப்பு, வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், அதை நம்பியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள். விரல் அளவுக் குஞ்சுமீன் கூறு போட்டிருந்தால், அது எந்த வலையில் வந்தது என்று கேட்கப் பழக்குங்கள். தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழையால் ஆன வலை) நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. கடலில் அறுந்து கிடந்தாலும் உக்காமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். நண்டு வாங்கும்போது வயிற்றுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அடிமடலுக்குக் கீழே செம்மஞ்சளாகவோ கபிலமாகவோ முட்டைக் கொத்துத் தெரிந்தால் அது சினை நண்டு. முட்டை தாங்கிய சிங்கி இறாலைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். சினை நண்டைக் கேட்டு வாங்குபவர் குறைந்தால் பிடிப்பதும் குறையும். சிலருக்கு அந்தச் சினைதான் ருசி. அவர்களோடு சண்டைக்கு நிற்காமல், "இதில எத்தனை ஆயிரம் குஞ்சு இருக்கு, பிள்ளைகளுக்கு வாவியில் நண்டு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு நகருங்கள். மீனைப் பெட்டியில் போட்டுத் தாருங்கள் என்று வகுப்பில் இருந்து ஒருவர் முதலில் கேட்கட்டும். முதல் ஆள் கேட்பதுதான் கஷ்டம். இரண்டாவது ஆளுக்கு மீன்காரரே கையை நீட்டிப் பெட்டியை வாங்குவார்.

அரிசிக் கடையில் கதை நீளும், நீளட்டும். அம்பாறை நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. இருந்தும் இங்கே விளைந்த நெல்லில் ஒரு பங்கு பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், தீட்டி வெள்ளையாக்கி, அச்சடித்த பொலித்தீன் பையில் மறுபடி நம் கடைக்கு வருகிறது. ஊர் மில்லில் குத்திய சிவப்பரிசியைச் சாக்கில் இருந்து நிறுத்து வாங்கினால் தவிடு வயிற்றுக்குக் கிடைக்கும், லொறிக் கூலி மிஞ்சும், உறையும் இல்லை. கல் கிடக்கும், வண்டு வரும் என்ற முறைப்பாடு நியாயமானது. கொஞ்சமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள்.

மரக்கறிக்கும் இதே கேள்விதான். கரட்டும் லீக்ஸும் மலைநாட்டில் இருந்து தம்புள்ளை வழியாக வந்து சேர்வதற்குள் வழியிலேயே ஒரு பங்கு நசிந்துவிடும். கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி, முருங்கை, பொன்னாங்காணி எல்லாம் பக்கத்து ஊரில் இருந்தே வரும்.

தயிரை நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு எருமைத் தயிர் மண்சட்டியில் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுட்ட மண் தயிரின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில் அது நடக்காது. உடைந்தால் சட்டி மண்ணோடு மண்ணாகும். ஆனால் சட்டி சுடுவதற்கும் விறகு போகிறது, களிமண் தோண்டவேண்டும். ஒருதரம் பாவித்துவிட்டு வேலியோரம் எறிவது அந்தக் குயவரின் வேலைக்கு மரியாதை இல்லை. கழுவி வெயிலில் காயவைத்துப் பூக்கன்று நடுங்கள், கோழிக்குத் தண்ணீர் வையுங்கள். யாவாரி திருப்பி எடுப்பார் என்றால் கொடுத்துவிடுங்கள். நல்ல பொருளுக்கும் ஒரு செலவு உண்டு என்பதைச் சட்டியை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

துணிக்கும் ஒரு வார்த்தை. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சாறியும் பக்கத்திலேயே நெய்யப்படுகின்றன. கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் எத்தனை வருடம் உடுக்கலாம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் தறி ஓடுகிற ஒரு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

உறையில் எழுதியிருப்பதை நம்புவதா

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கம் அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்லும். இங்கே யாரோ எடுத்து மீள்சுழற்சி செய்வார் என்று சொல்லாது. 1 என்றால் பெற், தண்ணீர்ப் போத்தல். 2 என்றால் கனமான போத்தல், கான். 5 என்றால் பொலிப்புரோப்பிலீன், சாப்பாட்டுப் பெட்டி. 6 என்றால் ரிஜிபோம் குடும்பம். உங்கள் ஊருக்கு வரும் பழைய இரும்புக்காரர் எந்த இலக்கத்தை எடுக்கிறார் என்று அவரிடமே கேட்டுப் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் ஊரின் மீள்சுழற்சி.

எஸ்.எல்.எஸ். முத்திரை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் கொடுப்பது. அது தரத்துக்கு. சூழலுக்கு நல்லது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நட்சத்திரம் போட்ட மின்சக்தி லேபலில் நட்சத்திரம் கூடக்கூட மின்சாரம் குறைவாகப் போகும்.

"இயற்கை", "பசுமை", "மண்ணுக்கு நல்லது" என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பதற்கு ஒரு பெறுமதியும் கிடையாது, யார் சான்று கொடுத்தார் என்று எழுதாவிட்டால். உக்கும் என்று எழுதிய சில பைகள் உக்குவதில்லை, பொடிப்பொடியாக உடைகின்றன. பொடி வாவிக்குப் போய் மீனுக்குள் போகிறது.

சேதன விவசாயம் பற்றிக் கதைக்கும்போது அம்பாறையில் மிகக் கவனமாக இருங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டபோது அடிபட்டது இந்த வயற்காரர்கள்தான். விளைச்சல் விழுந்தது, கடன் ஏறியது. தடை அதே ஆண்டு நவம்பரில் எடுக்கப்பட்டாலும் அந்தப் போகத்துக்கு அது பிந்திவிட்டது. அந்தச் சனத்தின் முன்னால் போய் "சேதனப் பொருள் மட்டும் வாங்குங்கள்" என்று பாடம் எடுப்பது புண்ணில் குத்துவது. அவர்கள் கதையை முதலில் கேளுங்கள். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பிடுங்கவேண்டும் என்று போத்தலில் எழுதியிருப்பதை விற்பவரும் வாங்குபவரும் மதித்தாலே பெரிய முன்னேற்றம்.

சடங்கும் நோன்பும்

ஒரு வீடு ஒரு வருடம் முழுக்க வாங்காமல் தவிர்த்த பொலித்தீனை ஒரு அன்னதானம் ஒரு பின்னேரத்தில் தாண்டிவிடும். அதனால் கோவில், பள்ளிவாசல் நிருவாகங்களைச் சந்திக்காமல் உங்கள் வேலை முழுமையாகாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் என்று வரிசையாக வரும். சாமான் வாங்கி முடித்தபிறகு போனால் பயனில்லை. குறைந்தது ஒரு மாதம் முன்பே கோவில் நிருவாகியான வண்ணக்கரைப் போய்ப் பாருங்கள். வாழையிலை யார் கொடுப்பார், தண்ணீர்ப்பந்தலில் கழுவிப் பாவிக்கிற எவர்சில்வர் குவளை எங்கே கிடைக்கும், கழுவ யார் நிற்பார் என்று பெயரோடு ஒழுங்கு செய்துவிட்டு எழும்புங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கப் தானாக வந்துவிடும். நோன்புக் கஞ்சிக்கு வீட்டில் இருந்து பாத்திரம் கொண்டுவருவது பல ஊர்களில் இருக்கிற நல்ல வழக்கம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதை ஒருதரம் நினைவூட்டினால் பிள்ளைகள் பொலித்தீன் பையோடு வரமாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

வகுப்பில் சட்டத்தைக் கடைசியில் வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். 2017 செப்ரெம்பரில் 20 மைக்ரோன் தடிப்பு அல்லது அதற்கு மெல்லிய பொலித்தீனும் ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களை 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு உட்பட்ட சின்னப் பக்கெற்றில் அடைப்பது தடை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையைக் கடைகள் இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அதன் விலை பில்லில் தெரியவேண்டும். இதைக் கடைக்காரர் முன்னிலையில், அவரைக் குற்றம் சொல்லாமல் சொல்லுங்கள். இனிப் பை கொண்டுவருபவருக்கும் அவருக்கும் இரண்டு பேருக்கும் லாபம்.

பில் கேட்டு வாங்கப் பழக்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இயங்குகிறது. கூடுதல் விலை, பழுதான பொருள், உத்தரவாதத்தை மதிக்காத விற்பனையாளர் என்று எதுவானாலும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். குறைபாடுள்ள பொருள் பற்றி எழுத்தில் முறையிட வாங்கிய நாளில் இருந்து 3 மாத அவகாசம் உண்டு. பில் இல்லாவிட்டால் அந்த உரிமை கையில் நிற்காது. ஒரு வருடத்தில் பழுதாகும் விசிறியைத் திருத்த வைப்பதும் மாற்றி வாங்குவதும் சூழலுக்குச் செய்கிற வேலைதான். ஆகவே பில்களைப் போட ஒரு பழைய பிஸ்கற் பேணியை ஒதுக்கச் சொல்லுங்கள்.

பிறகு திரும்பிப் போவது

வகுப்பு முடிந்த அன்றே ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாற்றத்தைத் தெரிவுசெய்யட்டும். இரண்டு வேண்டாம். மீனுக்குப் பெட்டி, கூட்டாகப் பருப்பு, குமிழ் மாற்றுவது, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு மாதம் கழித்து அதே பாயை விரித்து அதே மாதிரிக் குப்பையைக் கொட்டிப் பாருங்கள். முதல் நாள் குவியல்களைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய பழக்கத்துக்குத் திரும்பியவரிடம் ஏன் என்று மட்டும் கேளுங்கள். "கடைக்காரர் பெட்டியைப் பார்த்துச் சிரிச்சார்", "பெட்டி பஸ்ஸில கசிஞ்சுது", "கூட்டுக்காசு பிடிச்சவ ஊருக்குப் போயிட்டா" என்று வருகிற காரணங்கள் எல்லாம் தீர்க்கக்கூடியவை. கசிகிற பெட்டிக்கு மூடியில் ரப்பர் வளையம், கூட்டுக்காசுக்கு இரண்டாவது பொறுப்பாளர்.

அந்தக் கூட்டத்தில் இருந்து நன்றாகக் கதைக்கிற, ஊருக்குப் பிடித்த ஒரு பெண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஊர் வகுப்பைப் பாயை விரிப்பதில் இருந்து கணக்குப் போடுவது வரை அவரே நடத்தட்டும், நீங்கள் பின்னால் இருங்கள். வெளியில் இருந்து வந்த உங்களைவிட, ஐந்து வீடு சேர்ந்து பருப்பு வாங்கிப் பிரித்த அவர் சொல்வதைத்தான் சனம் கேட்கும். அவருக்கான பஸ் காசையும் அரை நாள் கூலியையும் வகுப்புச் செலவுத் திட்டத்தில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.